ஆன்மா உடையோரும் அற்றோரும்

பேய்க்கதைகளைப் பாமரரின் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுதல் கற்றோரிடையே நெடுநாளாக நிலவிவரும் வழக்கமாகும். எனினும், பேய் யார், மனிதன் யார் என்ற வினாவை எழுப்பி, அதற்கு எளிதில் விடை கூறாது விடும் கதையொன்று வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடுவதில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1997 ஆம் ஆண்டு தொடக்கம் 2003 ஆம் ஆண்டு வரை ஒளிபரப்பான ‘பஃபி த வம்பயர் ஸ்லேயர்’ என்னும் தொடர்நாடகம் அத்தகையது. ஜொஸ் வீடன் உருவாக்கிய இந்நாடகம் ஏழு பருவங்களில் 144 அங்கங்களாக வெளிவந்தது. 2001 இல் இதற்கென ஓர் ஆய்விதழ் தொடங்கப்பட்டது. 2004 இல் நாஷ்வில் நகரில் ஆய்வு மாநாடொன்றும் கூடியது. ஆயினும், அறிஞருக்கு முன்னரே அவ்வினாவைக் கையிலெடுத்தோர் இரசிகர்களே.

கலிபோர்னியாவில் சனிடேல் என்றொரு கற்பனை நகரம். அதன் அடியில் நரகத்தின் வாயில். பள்ளி மாணவியான பஃபி, இரத்தக்காட்டேரிகளை அழிக்கவெனத் தெரிவு செய்யப்பட்டவள். மனிதன் காட்டேரியாகும்போது அவனது ஆன்மா நீங்க, அவ்வுடலிற் பேயொன்று குடிபுகுகின்றது என்பது நாடகத்தின் விதி. எனவே, காட்டேரியைக் கொல்லுதல் கொலையாகாது. இவ்விதியைக் கொண்டே பார்வையாளர் கலக்கமின்றிக் கதையை இரசிக்கின்றனர்.

ஆனால், நாடகமே தன் விதியை மெல்ல மெல்லச் சோதிக்கின்றது. ஏஞ்சல் என்னும் காட்டேரிக்கு, 1898 இல் விதிக்கப்பட்ட சாபத்தால் ஆன்மா மீண்டது. தான் செய்த கொலைகள் அனைத்தையும் நினைந்து வருந்துவதே அவன் பெற்ற தண்டனை. இரண்டாம் பருவத்தில் அவன் ஆன்மாவை இழந்து உலகை அழிக்க முற்படுகின்றான். இறுதிக் கணத்தில் ஆன்மா மீள்கின்றது. நரகவாயிலோ ஏற்கெனவே திறந்துவிட்டது. அதனை அடைக்க, குற்றமற்றவனாகிவிட்ட காதலனையே பஃபி வாளாற் குத்த நேர்கின்றது.

ஸ்பைக் என்னும் காட்டேரியின் நிலையோ வேறு. மனிதருக்குத் தீங்கு செய்ய முனைந்தால் தாங்கொணா வலியைத் தரும் கருவியொன்று அவனது மூளையிற் பொருத்தப்படுகின்றது. வலிக்கு அஞ்சித் தீமை செய்யாதிருப்பவன் நல்லவனல்லன் என்றனர் ஒரு சாரார். மறுசாரார் ஐந்தாம் பருவத்தைச் சுட்டினர். குளோரி என்னும் தீய தெய்வம் அவனைச் சித்திரவதை செய்தபோதும் பஃபியின் தங்கை டோனை அவன் காட்டிக்கொடுக்கவில்லை. கருவி அவனைத் தடுக்க வல்லதேயன்றி, தியாகம் செய்யுமாறு ஏவ வல்லதன்று என்பது அவர்தம் வாதம். ஆனால் 2002 இல், கருவியின் தடை பஃபியளவில் இல்லாதொழிந்த நிலையில், அவன் அவளை வன்புணர முயல்கின்றான். முதற் சாராரின் கூற்று மெய்யாயிற்று எனத் தோன்றியது. அதன்பின் ஸ்பைக் தானே தேடிச் சென்று, கொடிய சோதனைகளைத் தாங்கி, ஆன்மாவை மீளப் பெறுகின்றான். ஆன்மா அற்ற ஒருவன் அதனை வேண்டியது எதனைக் கொண்டு? இரு சாராரும் இன்றும் இவ்விடத்திலேயே நிற்கின்றனர்.

இனி, ஆன்மா உடையோரை நோக்குவோம். வாரன் மனிதன், அவனே கொலைகாரன். அவனைப் பழிவாங்குகையில் உயிருடன் தோலுரிப்பவள் பஃபியின் அன்புத் தோழி வில்லோ. குளோரியை அழிக்கும்பொருட்டு, அவள் குடிகொண்ட உடலுக்குரிய பென் என்னும் இளைஞனைப் பஃபியின் ஆசானான ஜைல்ஸ் மூச்சடைத்துக் கொல்கின்றார். பஃபி அதனைச் செய்யமாட்டாள் என அறிந்தே செய்கின்றார். பேயினத்தவனான கிளெம்மோ டோனுக்குக் காவலிருக்கின்றான்.

இவை அனைத்திலும் ஆழமானது 1999 இல் ஒளிபரப்பான ஒரு காட்சி. இருண்ட சந்தொன்றில் ஃபெயித் என்னும் இன்னொரு வேட்டைக்காரி, காட்டேரியென எண்ணி ஒரு மனிதனின் மார்பில் ஆப்பைப் பாய்ச்சிவிடுகின்றாள். காட்டேரி தூசாகி மறையும். மனிதனோ குருதி வழிய வீழ்ந்து கிடக்கின்றான். அதுவரை எத்தனையோ ஆப்புகளுக்கு ஆரவாரித்த பார்வையாளன் அக்கணம் வாயடைத்துப் போகின்றான். கை ஒன்றே, ஆப்பும் ஒன்றே. பெயர் மட்டுமே மாறியது. தனக்குக் கவலையில்லை என அன்று கூறிய ஃபெயித், ‘ஏஞ்சல்’ என்னும் கிளைத்தொடரில் 2000 ஆம் ஆண்டு தானே காவற்றுறையிடம் சரணடைகின்றாள். அவளை மீட்டது தண்டனையிலிருந்து தப்பும் வழியன்று, அதனை ஏற்கும் துணிவேயாகும்.

ஒருவரை ஆன்மா அற்றவர் எனப் பெயரிட்டுவிட்டால், அவரைக் கொல்லுங் கைக்கு நடுக்கம் இல்லை. அப்பெயரைச் சூட்டும் உரிமை யாருக்குரியது என்பதே இரசிகரின் வாதங்களுக்கெல்லாம் அடியில் உறையும் வினா. தூசாகி மறைந்தவர்களை மீட்டெடுத்து எண்ணிப் பார்க்க எவராலும் இயலாது. ஆதலால், அவ்வினாவை ஆப்பு ஓங்கப்படுமுன்னரே கேட்டாக வேண்டும்.