பார் வைத்த மிதிவண்டி

மிதிவண்டியின் உயிர் அதன் சட்டத்தில் இருக்கிறது. டயர் தேயும்; சங்கிலி அறும்; இருக்கை கிழியும். இவை யாவும் மாற்றத்தக்கவை. குழாய்களும் அவற்றை இணைக்கும் மூட்டுகளும் செம்மையாக இருக்குமானால், ஐம்பது அறுபது ஆண்டு கடந்த ஒரு சட்டத்தின் மீதும் புது வண்டி ஒன்றை எழுப்பிவிடலாம். அரிமளத்தில் அண்மையில் அவ்வாறு ஒரு வண்டி எழுந்தது. அதனை உருவாக்கிய முறையும், அதையொட்டிப் பிறந்த மார்க்க வினா ஒன்றும் வாசகர்க்குப் பயன்படும் எனக் கருதி ஈண்டு எழுதுகிறோம்.

கணவரை இழந்த ஆலிமா ஒருவர் பக்கத்து ஊர்ச் சிறுமியருக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறார். ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் வகுப்பு. அந்நேரத்தில் பேருந்து கிடையாது. மூன்று வயது மகனையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். வண்டி இல்லையேல் வேலை இல்லை என்பதே அவர் நிலை. அவருக்காகத் தேடும்போதுதான் பழைய இரும்புக் கடையில் அந்தச் சட்டத்தைக் கண்டோம். இடிக்கப்பட்ட வீடொன்றின் வாரிசுகள் எடைக்குப் போட்டது என்றார் கடைக்காரர். வழியில் கண்டெடுத்த பொருளாயின் ‘லுகதா’ச் சட்டப்படி உரியவரைத் தேடி அறிவிக்க வேண்டும். இதுவோ உரியவரே விற்றது, தடையில்லை. வாங்கினோம்.

கடைவீதியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் மிஸ்திரி முதலில் செய்தது நூல் பிடித்துப் பார்த்ததுதான். பின்சக்கரம் பொருந்தும் ஒருபக்கப் பிளவில் நூலைக் கட்டி, முன்கழுத்துக் குழாயைச் சுற்றி, மறுபக்கப் பிளவுக்குக் கொண்டுவந்து இறுக்கினார். இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருந்தது. சட்டம் நேர் என்பதற்கு அதுவே சான்று. கழுத்துக்குப் பின்னால் கீழ்க்குழாயில் சுருக்கம் உண்டா என்று விரலால் தடவினார். முன்பக்கம் மோதிய வண்டியானால் அங்கேதான் தெரியும். இரும்பு மென்மையாக்கப்பட்ட தாவூது நபி (அலை) அவர்கள், கவச வளையங்களை அளவறிந்து கோக்குமாறு பணிக்கப்பட்ட செய்தி திருமறையின் 34-ஆம் அத்தியாயத்தில் வருகிறது. இரும்பு வேலையின் அறம் அளவிலே இருக்கிறது என்பதை அந்த நூல் நமக்கு நினைவூட்டிற்று.

பெயர்த்தகடு என்றோ கழன்று போயிருந்தது. மிதிகட்டையின் அச்சுக்குரிய கிண்ணத்தைக் கழற்றியபோது மரையே சாட்சி சொல்லிற்று. பிற ஆங்கிலச் சட்டங்களில் அவ்விடத்தில் அங்குலத்துக்கு 24 மரை; இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் தோன்றிய ராலே நிறுவனமோ 26 மரை வைத்தது. ஆகவே இது ராலே மரபுச் சட்டம். 24 மரைக் கிண்ணத்தை இதில் வலிந்து திருகினால் மரை சிதையும். பழைய கிண்ணங்களையே மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்துப் பார்த்ததில் குழி விழவில்லை. பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குலப் பால்ரஸ் குண்டுகள் புதிதாக இட்டு, கிரீஸ் வைத்து அவற்றையே பூட்டினோம்.

சக்கரத்துக்குத் தொல்லையில்லை. நம் நாட்டுக் கனவண்டிகளும் 28-க்கு 1½ அங்குல டயரையே கொண்டவை. முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 போக்ஸ் கம்பி கோத்து, மிஸ்திரி பொறுமையாகக் கோட்டம் எடுத்தார். முன்பல் 48 இருக்க, பின்னே 18-க்குப் பதில் 22 பல் ஃபிரீவீல் போட்டோம். மிதியின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 2.67 முறை சுழன்ற இடத்தில் இப்போது 2.18 முறை சுழலும். வேகம் குறையும், பிள்ளையோடு மேட்டில் மிதிக்கையில் கால் நோகாது. ஆடை சிக்காதபடி சங்கிலியை முழுதும் மூடும் பெட்டியும், பின்சக்கரத்துக்குக் காப்பு வலையும் அமைத்தோம்.

இந்நிலையில் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் கடைக்கு வந்தார். “ஹஜ்ரத், பொம்பளைப் பிள்ளைக்கு ஆம்பளை வண்டியா?” என்று வினவினார். ஆண்களைப் போல் பெண்கள் ஒப்பனை கொள்வதைத் தடுக்கும் ஹதீஸை உளத்திற் கொண்டே அவர் கேட்டார், நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். ஆலிமாவிடம் சொன்னபோது அவர் பதில் எளிமையாக இருந்தது: “நடுவிலே பார் இருந்தாத்தானே ஹஜ்ரத், பிள்ளையை முன்னாலே உட்கார வைக்கலாம்?”

இந்தப் பதிலை இம்மாவட்டம் முன்பே கேட்டிருக்கிறது. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பரவியபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் மிதிவண்டிப் பயிற்சியையும் அதன் அங்கமாக்கினார். 1992-ஆம் ஆண்டு உலக மகளிர் நாளில் 1,500 பெண்கள் மணி ஒலிக்க மிதிவண்டிகளில் புதுக்கோட்டை நகரை வலம் வந்தனர். இலட்சம் பெண்களுக்கு மேல் வண்டி பழகினர் என்று இதழாளர் பி. சாய்நாத் 1996-இல் வெளிவந்த தம் நூலில் பதிந்துள்ளார். அவர் சந்தித்தவர்களுள் முஸ்லிம் பெண்களும் உண்டு. பெண்களுக்கான வண்டி போதுமான அளவு கிடைக்காததால் ஆண்கள் வண்டியில் ஏறியவர்கள், பிறகு அதனையே விரும்பியதும் உண்டு. காரணம், பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதே. பின்னர் 2001-இல் அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் மாணவியரிடமிருந்தே தொடங்கி விரிந்தது.

பெரியவருக்கு நாம் சொன்ன விடை இதுதான். ஒப்பாதலைப் பற்றிய தடை, ஒரு பொருளோ கோலமோ ஆண்களுக்கே உரியது என்று வழக்கம் வரையறுத்திருக்கும் இடத்தில்தான் வரும். வழக்கம் தீர்ப்பளிக்கும் தகுதியுடையது என்பது ஃபிக்ஹுக் கலையின் ஐம்பெரும் விதிகளுள் ஒன்று. உதுமானியரின் ‘மஜல்லா’ சட்டத் தொகுப்பிலும் அது 36-ஆம் விதியாக நிற்கிறது. பார் வைத்த வண்டி ஆணுக்கே உரியது என்ற வழக்கத்தை இம்மண்ணின் பெண்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே மாற்றிவிட்டனர். மாறிய வழக்கத்தைக் காணாமல் பழைய வழக்கத்தின் மீது தீர்ப்புரைப்பது ஃபிக்ஹு ஆகாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ, ஒட்டகமேறும் குறைஷிப் பெண்களைப் பாராட்டியபோது, குழந்தைகளிடம் அவர்கள் காட்டும் பரிவையும் சேர்த்தே பாராட்டினார்கள். வாகனமும் தாய்மையும் அந்தப் புகழுரையில் அருகருகே நிற்கின்றன.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இருக்கையை இன்னும் இறக்கலாமா? அவளுக்குக் கால் எட்ட வேண்டாமா?” என்று மிஸ்திரியிடம் கேட்டார். 22 அங்குலச் சட்டம். இருக்கையை அடிமட்டத்துக்கு இறக்கிய பின் அளவு சரியாக அமைந்தது.

வண்டிக்கு ஆன செலவை ஆலிமா மாதத் தவணையாகத் திருப்பித் தருகிறார். அன்பளிப்பாக இருக்கட்டும் என்றோம், அவர் இணங்கவில்லை. பாரில் சிறு இருக்கை ஒன்று பொருத்தியிருக்கிறோம். வாகனம் ஏறுகையில் ஓதும் துஆவை மகன் அதிலே அமர்ந்துதான் மனனம் செய்கிறானாம்.

நம் ஊர்களில் திண்ணையோரத்திலும் மாட்டுக்கொட்டகையிலும் இத்தகைய சட்டங்கள் இன்னும் கிடக்கின்றன. எடைக்குப் போடுமுன் ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். நேராக இருந்தால், அதில் ஏற வேண்டியவர் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும்.