கால் பங்கு அரண்மனை

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், ஊரை எட்டுவதற்குச் சற்று முன்னால் திருப்புலிவனம் வருகிறது. புலிக்கால் முனிவரான வியாக்ரபாதர் பூஜித்ததாகச் சொல்லும் சிவன் கோயில் அங்கே இருக்கிறது. அதன் சுவர்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பக்கத்து உத்திரமேரூரிலோ, பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைத் தேர்தல் விதிகளையே படித்துவிடலாம்.

இவ்வளவு ஆணைகளைப் பிறப்பித்த அரசர்கள் குடியிருந்த வீடு எங்கே? வாசகர்களே, அந்த வட்டாரம் முழுவதும் சுற்றினாலும் இதற்கு விடை கிடைக்காது. காஞ்சியில் ஒரு பொன் மாளிகை இருந்தது. பத்தாம் நூற்றாண்டில் சுந்தர சோழர் அதிலேதான் காலமானார். 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்றே கல்வெட்டுகள் அவரைக் குறிக்கின்றன. பெயர் நின்றுவிட்டது, மாளிகை போய்விட்டது. ஆண்டவனுக்குக் கருங்கல்லில் வீடு கட்டிய நம் அரசர்கள், தங்களுக்கு மட்டும் செங்கல்லும் மரமும் போதும் என்று இருந்துவிட்டார்கள்!

ஆகையால் தமிழ்நாட்டில் அரண்மனை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் செங்கல்பட்டில் ரயிலேறி மதுரைக்குப் போவதே உத்தமம். மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து தென்கிழக்கே சிறிது தூரம் நடந்தால் திருமலை நாயக்கர் மகால். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் 1636இல் கட்டியது.

உள்ளே நுழைந்ததும் பரந்த முற்றம். அதைச் சுற்றி எத்தனை தூண்கள்! மொத்தம் 248 என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒரு தூணைக் கட்டிப் பிடித்துப் பாருங்கள். உங்கள் கைகள் மூன்றில் ஒரு பங்கு வட்டத்துக்கு மேல் எட்டாது. அண்ணாந்து பார்த்தால் தூணுக்குத் தூண் தாவும் வளைவுகள், அவற்றில் சுதையால் செய்த யாளிகளும் கொடிகளும். மேற்குப் பக்கம் அரசர் கொலுவிருந்த சொர்க்க விலாசம். அதன் நடுவில் சுமார் 60 அடி விட்டமுள்ள குவிமாடம் செங்கல்லையும் சுண்ணாம்பையும் நம்பியே நிற்கிறது. சுதைப் பூச்சின் வழவழப்புக்கு முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்தார்களாம்!

இந்த மகாலைப் பற்றி ஊரார் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஒரு திருடன் கூரையில் துளை போட்டு, கயிற்றில் இறங்கி, அரச ஆபரணங்களை அள்ளிக்கொண்டு போனான். "திருப்பிக் கொடுத்தால் பரிசு உண்டு" என்று ராஜா பறை அறைவித்தார். திருடனும் நம்பி வந்தான். சொன்னபடி பரிசும் கிடைத்தது. அடுத்த நிமிஷமே தலையும் போயிற்று! ராஜாக்கள் வாக்குத் தவறமாட்டார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

இவ்வளவையும் பார்த்து வாய் பிளக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. இன்று நிற்பது பழைய அரண்மனையில் கால் பங்குதான். அந்தப்புரம், ஆயுத சாலை, பூந்தோட்டம், தடாகம் எல்லாம் ஒரு காலத்தில் இருந்தன. அவற்றை அழித்தது அந்நியப் படையா? இல்லை. நாயக்கரின் சொந்தப் பேரன் சொக்கநாத நாயக்கர், திருச்சிராப்பள்ளியில் தமக்கு அரண்மனை கட்டுவதற்காகத் தாத்தாவின் மாளிகையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்! மகாலுக்கு அருகே பத்துத் தூண் சந்து என்று ஒன்று இருக்கிறது. கடைகளுக்கு நடுவே, தாங்குவதற்குக் கூரை இல்லாமல் பத்துத் தூண்கள் அங்கே நிற்கின்றன. அரசரின் தம்பி வாழ்ந்த ரங்க விலாசத்தில் மிஞ்சியது அவ்வளவுதான்.

மிச்சமும் விழுந்திருக்கும். சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு 1866 முதல் 1872 வரை பழுது பார்க்கச் செய்ததால் பிழைத்தது. பிறகு வெகு காலம் மாவட்ட நீதிமன்றம் இங்கே நடந்தது. ராஜா நீதி சொன்ன இடத்தில் வக்கீல்கள் வாதாடினார்கள். 1995இல் வந்த 'பம்பாய்' படத்தின் பாட்டுக் காட்சியிலும் இந்தத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள்.

பூந்தோட்டம்தான் போயிற்றே என்று ஏங்குகிறவர்கள், ஊருக்குக் கிழக்கே வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போகலாம். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே இப்படிக் குளமாயிற்று என்பது மதுரையில் வழங்கிவரும் செய்தி. தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்பார்கள். குளத்தின் நடுவே சோலையும் மைய மண்டபமும். தைப்பூசத் தெப்பத் திருவிழாவில் அம்மனும் சுவாமியும் அந்த மண்டபத்தைச் சுற்றி வருவதை ஊரே கூடிப் பார்க்கிறது. அந்த மண்ணால் எழுந்த மாளிகையில் முக்கால் பங்கு மறைந்துவிட்டது. மண் எடுத்த பள்ளமோ நாலு கரையும் முழுசாக இருந்து ஜனங்களுக்குப் பயன்படுகிறது.

மதுரைக்குப் போகிறவர்கள் இரண்டையும் பாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: மகால் தூண்களில் தங்கள் பெயரையும் காதலியின் பெயரையும் கீறி வைத்துப் போகிறவர்கள் ஏராளம். குழந்தைகளை அழைத்துப் போனால், அவர்கள் கையில் ஆணி, பேனா இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளை பிரித்தது போக மிஞ்சியதையாவது நம் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டுமே!