வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி

ஸ்காட்லாந்தின் பாராளுமன்றம் எடின்பரோவில் ஹோலிரூட் என்ற இடத்தில் இருக்கிறது. சபை நடக்கும் வாரங்களில், வியாழக்கிழமை மதியம் 12 மணிக்கு, அந்த நாட்டு முதலமைச்சர் எழுந்து நின்று உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 2016 முதல் இதற்கு 45 நிமிடம். எதிர்க்கட்சித் தலைவர்கள் முதலில் கேட்பார்கள், மற்றவர்கள் பிறகு.

லண்டன் பாராளுமன்றம் 1998ல் போட்ட ஒரு சட்டத்தால் பிறந்த சபை இது. 1999ல் கூடியது, மொத்தம் 129 பேர். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், போலீஸ் எல்லாம் எடின்பரோவின் பொறுப்பு. ராணுவம், வெளியுறவு, குடியேற்றம் லண்டன் கையில். இந்தப் பங்கீட்டில் முதலமைச்சருக்கு ஒரு சௌகரியமும் இருக்கிறது. கேள்வி இறுக்கினால், "லண்டன் பணம் தரவில்லை, அதிகாரம் தரவில்லை" என்று சொல்லிவிடலாம். சில சமயம் அது உண்மை. சில சமயம் பின்வாசல்.

இருக்கைகளை அரைவட்டமாகப் போட்டது, லண்டன் மாதிரி எதிரும் புதிருமாக உட்கார்ந்து கத்த வேண்டாம் என்பதற்காக. வியாழக்கிழமை மதியம் பார்த்தால் அரைவட்டத்திலும் நன்றாகவே கத்தலாம் என்று தெரிகிறது! இன்னொரு வேடிக்கை, முதல் கேள்வி. பல ஆண்டுகளாக அச்சில் இருந்தது "இன்று முதலமைச்சருக்கு வேறு என்னென்ன அலுவல்கள்?" என்பதுதான். அது வெறும் சாவி. கதவு திறந்ததும் துணைக்கேள்வியாக நிஜமான கேள்வி வரும்.

இதனால் ஏதாவது நடக்குமா? ஒருமுறை நடந்தது. 2001ல் முதலமைச்சராக இருந்தவர் ஹென்றி மெக்லீஷ். முன்பு லண்டன் எம்.பி.யாக இருந்தபோது, தொகுதி அலுவலகத்தின் ஒரு பகுதியை உள்வாடகைக்கு விட்டிருந்தார், அதை முறையாகத் தெரிவிக்கவில்லை. கன்சர்வேடிவ் தலைவர் டேவிட் மெக்லெச்சி சபையில் விடாமல் கேட்டார். அவர் வக்கீல் வேறு. மெக்லீஷ் "குழப்பம்தான், மோசடி இல்லை" என்றார். ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்கு வழி விட்டது. 2001 நவம்பரில் ராஜினாமா. நான்கு வருடம் கழித்து, 2005ல், டாக்ஸி செலவுக் கணக்கு தொடர்பான சர்ச்சையில் அதே மெக்லெச்சியும் கட்சித் தலைவர் பதவியை விட்டார்.

ஆனால் வாடகை, டாக்ஸி எல்லாம் கேட்கச் சுலபமான விஷயங்கள். ஒரு தொகை, ஒரு ஆள், ஒரு ரசீது. கொள்கை முடிவைப் பிடிப்பதுதான் கஷ்டம். அதற்கு கப்பல் கதை.

ஸ்காட்லாந்தின் தீவுகளுக்கு கப்பல்தான் பஸ். மருத்துவமனைக்குப் போவதும் கடைக்குச் சரக்கு வருவதும் அதில்தான். 2015ல் போர்ட் கிளாஸ்கோவில் உள்ள ஃபெர்குசன் தளத்துக்கு இரண்டு கப்பல்கள் கட்டும் வேலை போனது. விலை 97 மில்லியன் பவுண்ட், 2018ல் தயாராக வேண்டும். 2017 நவம்பரில் 'கிளென் சானக்ஸ்' கப்பலை முதலமைச்சர் நிகோலா ஸ்டர்ஜன் தண்ணீரில் இறக்கினார். அன்றைக்கு அதன் ஜன்னல்களில் சில நிஜ ஜன்னல்களே இல்லை, பெயிண்டில் வரைந்தவை. 2019ல் தளமே திவாலாகி, அரசாங்கம் எடுத்துக்கொண்டது.

பிறகு வியாழக்கிழமைகளில் கப்பல் அடிக்கடி வந்தது. எப்போது முடியும்? எவ்வளவு ஆகும்? கட்டுபவர் கைவிட்டால் பணம் திரும்பும் என்ற முழு உத்தரவாதம் இல்லாமல் ஒப்பந்தம் எப்படிப் போனது? 2022 மார்ச்சில் தணிக்கைத் துறை, இந்த முடிவை ஏன் எடுத்தார்கள் என்பதற்கான போதிய ஆவணம் இல்லை என்று எழுதியது. அதன்பின் சபையில் இன்னும் சூடு. அந்த மே மாதம் ஒரு மின்னஞ்சல் கிடைத்துவிட்டது என்று அரசு அறிவித்தது. அன்றைய போக்குவரத்து அமைச்சர் டெரெக் மெக்கே ஒப்புதல் கொடுத்தார் என்று அதில் இருந்தது. தணிக்கையாளர் தேடியபோது கிடைக்காத காகிதம், சபையில் பல வாரம் கேட்டபிறகு கிடைக்கிறது. இதைத் தற்செயல் என்று நம்ப பெரிய மனசு வேண்டும்.

முதலமைச்சர்கள் மாறினார்கள். 2023ல் ஸ்டர்ஜன் போனார், ஹம்ஸா யூசஃப் வந்தார், 2024 மே மாதம் ஜான் ஸ்வின்னி. ஒப்பந்தம் போட்ட 2015ல் நிதியமைச்சர் இந்த ஸ்வின்னிதான். கேட்ட தலைவர்களும் மாறினார்கள். கேள்வி மட்டும் சபைக் குறிப்பில் வார்த்தைக்கு வார்த்தை இருக்கிறது, பக்கத்திலேயே பதிலும். "விரைவில்" என்று சொன்ன தேதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்க்கலாம்.

கிளென் சானக்ஸ் 2025 ஜனவரியில் ஆரன் தீவுக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போனது. ஏழு வருடத் தாமதம். இரண்டாவது கப்பல் 'கிளென் ரோஸா' 2025 முடியும்வரை சேவைக்கு வரவில்லை.