கூடாரம் அடிக்க ஓர் இடம்

மாணவி, மூன்றாம் ஆண்டு வரலாறு

பாறை ஏறும் பயிற்சிக்குப் போய்வந்தவர்கள் கயிற்றைப் பற்றியும் கால் வழுக்கிய கணத்தைப் பற்றியும் ஆண்டு மலரில் எழுதுவது வழக்கம். நான் எழுத எடுத்துக்கொண்டது கூடாரம் அடித்த இடத்தைப் பற்றி. அந்த இடம் அமைந்திராவிட்டால் மாணவியர் ஒன்பது பேரும் இரவு தங்கியிருக்கவே முடியாது.

முந்தைய ஆண்டுகளில் மாணவர்கள் மட்டுமே போனார்கள். இம்முறை மாணவியரும் போகலாம் என்று முதல்வர் இசைந்தார். ஆனால், தங்குமிடத்தை முன்னதாகப் பார்த்துவந்து சொல்ல வேண்டும். அது சரியில்லை என்றால் மாணவியர் மாலையே திரும்பிவிட வேண்டும் என்றார். மாலையே திரும்பினால் பயிற்சியில் பாதி போயிற்று. மார்கழியிலும் உச்சிப்பொழுதில் கருங்கல் சுடும். ஏறுவதற்கு உகந்த வேளை விடியற்காலையும் அந்தியும்தான். எனவே டிசம்பர் முதல் ஞாயிறன்று பேராசிரியர் ஐயாவும் மாணவர் இருவரும் நானும் என் தோழியும் மேலூர்ப் பக்கத்துக் குன்றுகளைப் பார்க்கப் புறப்பட்டோம்.

அரிட்டாபட்டியை ஐயா பேருந்திலேயே ஒதுக்கிவிட்டார். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. ராஜாளியும் லகுடு வல்லூறும் குடியிருக்கும் பாறையில் நாம் கயிறு கட்டித் தொங்குவது அழகல்ல என்றார். மாங்குளத்திலும் ஏற எண்ணமில்லை. நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ள இடமாயிற்றே. ஆனாலும் வழியில் பார்த்துவிட்டுப் போவோம் என்று அழைத்துச் சென்றார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் சமண முனிவர்களுக்காக வெட்டிய கற்படுக்கைகள் அங்கே இருக்கின்றன. குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். பாறைமேல் வழிந்துவரும் மழைநீர் அந்தக் காடியில் தடைப்பட்டு வெளியே சொட்டிவிடும்; படுக்கை நனையாது. "படுக்கிறதுக்கு முன்னாடி தண்ணி எந்தப் பக்கமா வரும்னு பாத்திருக்காங்கம்மா" என்றார் ஐயா. கல்வெட்டியல் பாடத்தில் இந்தக் காடியைப் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதியும் இருக்கிறேன். அதன் பயன் மனத்தில் பதிந்தது அன்றுதான்.

அடுத்துப் பார்த்த குன்றின் அடியில் கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளம் ஒன்று, ஆழம் தெரியாத நீருடன் கிடந்தது. உடனே திரும்பிவிட்டோம்.

மூன்றாவது குன்று எல்லோருக்கும் பிடித்தது. பாறைச் சுவரின் காலடியிலேயே கூடாரம் அடிக்கலாம், கண் விழித்ததும் ஏறலாம் என்று மாணவர்கள் குதித்தார்கள். ஐயா தரையில் கிடந்த கற்களைப் புரட்டிக் காட்டினார். உடைந்த முகம் கறுத்திருந்தால் பழைய கல். வெளுத்திருந்தால் அண்மையில் மேலிருந்து விழுந்தது. வெளுத்தவை நான்கைந்து கிடந்தன. அண்ணாந்து பார்த்தால் மலைத்தேனீக் கூடுகள் வேறு. அடுப்புப் புகை மேலே போனால் அவை கீழே வரும்.

சற்றுத் தள்ளி ஓடை மணல், பஞ்சு மெத்தைபோல் இருந்தது. "இங்கே படுத்தால் தலையணையே வேண்டாம்" என்றார் ஒருவர். என் தோழி கரையோரப் புதரைக் காட்டினாள். இடுப்பு உயரக் கிளைகளில் சருகும் வைக்கோலும் சிக்கியிருந்தன. வெள்ளம் அவ்வளவு உயரம் வந்திருக்கிறது. வெறும் பாறைக் குன்றில் பெய்யும் மழை மண்ணில் ஊறாது. மொத்தமும் ஒரே மூச்சில் ஓடைக்குத்தான் வரும்.

அப்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி எங்கள் வழக்கைக் கேட்டுக்கொண்டே வந்தார். கல்லையும் தேனீயையும் வெள்ளத்தையும் பற்றி ஒரு மணிநேரம் பேசிய எங்களில் யாரும் வாய்விட்டுக் கேளாத கேள்வியை அவர் கேட்டார்.

"ஏத்தா, பொம்பளப் புள்ளைகளும் வருதுகளா? ராத்திரி எங்கிட்டு ஒதுங்குவீக?"

மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்கும் தோழிக்கும் புறப்பட்டதிலிருந்தே அதுதான் கவலை. ஐயாவின் முன்னிலையில் எப்படிச் சொல்வது?

"ஊர்க் களத்துல தங்குங்க. தை பொறந்தாத்தான் அறுப்பு, களம் சும்மாதான் கெடக்கு. பக்கத்துல பள்ளிக்கூடம். அங்கன கக்கூசு இருக்கு, அடிகுழா இருக்கு. எம் மருமகதான் சத்துணவு ஆக்குறா" என்றார் அப்பத்தா.

களத்திலிருந்து பாறைக்கு இருபது நிமிட நடை. விடியுமுன் கயிறுகளைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டுமே என்று மாணவர்கள் முணுமுணுத்தார்கள். ஐயா எங்கள் இருவரையும் பார்த்து, "அறிக்கையை நீங்களே எழுதுங்கம்மா" என்றார். களம் என்று எழுதினோம். தலைமையாசிரியரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் அனுமதி வாங்கிய தாளையும் இணைத்தோம். முதல்வர் அதை இருமுறை படித்துவிட்டுக் கையொப்பமிட்டார்.

அரையாண்டு விடுமுறையில் போனோம். களம் சிமெண்டுத் தளம் என்பதால் முளை அடிக்க முடியவில்லை. கூடாரக் கயிறுகளைப் பெரிய கற்களில் கட்டினோம். ஒன்பது பேரில் ஏழு பேர் உச்சியைத் தொட்டோம். அப்பத்தா மூன்று நாளும் அந்தியில் களத்துக்கு வந்து, ஆடுகளை எண்ணுவதுபோல் எங்களை விரல்விட்டு எண்ணுவார். ஒன்பது சரியாக இருந்தால்தான் வீட்டுக்குப் போவார்.