கையெழுத்து

அப்போது நான் வேலை பார்த்த கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழுவில் உறுப்பினராக இருந்தேன். ஒரு மாணவி தன் ஆசிரியர்மீது புகார் கொடுத்தாள். அவள் சொன்னது உண்மை என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அறிக்கையில் கையெழுத்திட வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை நிர்வாகத்திலிருந்து ஒருவர் என் அறைக்கு வந்தார். மிரட்டவில்லை. டீ குடித்தார். "உங்க பதவி உயர்வு ஃபைல் மேசையிலதான் இருக்கு மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் 'பாலியல் துன்புறுத்தல்' என்ற சொல் 'தகாத நடத்தை' என்று மாறியிருந்தது. நானும் கையெழுத்திட்டேன். பதவி உயர்வு வந்தது. அந்தப் பெண் அடுத்த பருவத்துக்கு வரவில்லை.

1997இல் விசாகா தீர்ப்பும் 2013இல் வந்த சட்டமும் நமக்குத் தந்த குழு இது. ஆனால் அதை நியமிப்பது வேலை தருபவர்தான். நீதித்துறையின் சுதந்திரம் என்று யாராவது பேசினால் எனக்கு அந்த டீ டம்ளர்தான் நினைவுக்கு வருகிறது.

நீதிபதிகளுக்கு என்னைவிடப் பாதுகாப்பு அதிகம். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையோடு தீர்மானித்தால்தான் உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்க முடியும். இருந்தும் என்ன? நெருக்கடி நிலையின்போது, சிறையில் அடைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றம் வர முடியாது என்று 1976இல் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டு எழுதினார். அடுத்த ஜனவரியில் மூப்பில் முன்னால் இருந்த அவரைத் தாண்டி வேறொருவர் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

இன்று அப்படி வெளிப்படையாகத் தாண்டத் தேவையில்லை. கொலீஜியம் அனுப்பும் பெயரை அரசு கிடப்பில் போடலாம். ஓய்வுக்குப் பின் ஒரு பதவி காத்திருக்கிறது என்று உணர்த்தலாம். நீதிமன்றத்தின் கதவும் நமக்காகத் திறந்திருக்கவில்லை. உச்ச நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதியாக பாத்திமா பீவி வரவே 1989 ஆனது.

ஆண்டுதோறும் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நடத்துகிறேன். பாண்டியன் உயிர்விட்டதை அறத்தின் வெற்றி என்றுதான் முன்பெல்லாம் சொல்வேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "கொல்லச் சொன்னவனும் ராஜா, வழக்கைக் கேட்டவனும் ராஜா. அவனுக்கு மனசாட்சி இல்லாம இருந்திருந்தா கண்ணகி யார்கிட்ட போயிருப்பா மேடம்?" அரசியலமைப்புச் சட்டம் நீதிமன்றத்தை அரசிடமிருந்து பிரித்து வைத்ததற்கான காரணத்தை அவள் ஒரே கேள்வியில் சொல்லிவிட்டாள். ஆள்பவரின் மனசாட்சியை நம்பி ஒரு பெண் தெருவில் நிற்கக் கூடாது.

1976இல் அந்தப் பெரும்பான்மை சொன்னது தவறு என்று 2017இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அப்படி எழுதியவர்களில் ஒருவர் டி.ஒய். சந்திரசூட். பழைய பெரும்பான்மையில் இருந்தவர்களில் ஒருவர் அவருடைய அப்பா.

கன்னா எழுதிவைத்ததால் 41 ஆண்டுகள் கழித்தும் எடுத்துப் படிக்க ஏதோ இருந்தது. எங்கள் அறிக்கையிலும் மாறுபட்டு ஒரு பத்தி எழுதியிருக்கலாம். யாரும் தடுத்திருக்க முடியாது. அந்தப் பெண் என்றாவது திரும்பி வந்து தன் கோப்பைக் கேட்டால், அதில் அவளுக்காக ஒரு வரிகூட இல்லை. என் கையெழுத்துதான் இருக்கிறது.