உருளும் வீடு

வீடு ஓரிடத்தில் நிற்பது, வண்டி ஓடுவது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, மோட்டார் வண்டியின் பின்னே கொளுவி இழுத்துச் செல்லும் வழக்கம் மேலைத்தேயத்தாரிடம் உண்டு. அதனை அவர்கள் ட்ரெயிலர் என்பர். எமது ஊரிலே உழவு இயந்திரத்தின் பின்னே பூட்டும் பெட்டிக்கும் பெயர் அதுவே. ஆயினும் அங்குள்ள பெட்டியினுள் கட்டில், அடுப்பு, குளிரூட்டி, நீர்த்தொட்டி, சிலவற்றில் குளியலறை கூட உண்டு.

2023ஆம் ஆண்டுக் கோடையிலே, கனடாவின் ஸ்காபரோவில் வாழும் எமது தங்கையின் இல்லத்தில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தோம். அப்போது அவ்வீட்டில் இந்த ட்ரெயிலரைத் தவிர வேறு பேச்சில்லை. 1893ஆம் ஆண்டு தொடக்கம் காக்கப்பட்டுவரும் அல்கொங்குவின் காட்டுப் பூங்காவிலே பிள்ளைகளோடு ஏரிக்கரையில் தங்கவேண்டும் என்பது மைத்துனரின் நெடுநாள் ஆசை. புதியதொன்று வாங்குவதா, பிறர் பாவித்ததை வாங்குவதா என்பதே வழக்கு. நாம் பௌதிகம் கற்பிப்பவர் என்ற ஒரே தகுதியால் எம்மை நீதிபதியாக்கினர்.

எம் அன்னையாரும் அவர்களோடுதான் வாழ்கிறார். அவர் ஒருநாள் இராச் சாப்பாட்டின்போது, “வீடு இருக்க ஏன் பெட்டிக்குள்ளை போய்ப் படுக்கிறியள்?” என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தனர். தங்கையும் நாமும் சிரிக்கவில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒருங்கே ஊரைவிட்டுப் பெயர்ந்த இரவிலே, அயலவர் ஒருவரின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் நான்கு இரவுகள் அப்பெட்டியே எமக்கு வீடாயிற்று. மேலே கட்டிய தறப்பாள் இரண்டு இடங்களில் ஒழுகிற்று. பதினொரு வயதுத் தங்கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அன்னையார் விடியும்வரை விழித்திருந்ததை நாம் கண்டோம். பெட்டி என்ற சொல் அவர் செவியில் எவ்வாறு விழுந்திருக்கும் என்பதை மருமக்களுக்கு எடுத்துரைக்க எமக்கு அன்று வாய் வரவில்லை.

மறுநாள் மைத்துனர் எம்மை ஒரு விற்பனை நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். திருவிழாத் தேர்கள் போல ட்ரெயிலர்கள் வரிசையாக நின்றன. ஒன்றினுள் ஏறியதும் புது மணம் மூக்கை நிறைத்தது; இளைய மருமகள் மேற்கட்டிலிற் படுத்தே விட்டாள். விலை 36,000 டொலர். அதன்மேல் 13 வீத வரி 4,680 டொலர். “இருபது ஆண்டுக் கடன் உண்டு, ஒருநாட் தவணை இரண்டு கோப்பிக் காசுதான்” என்றார் விற்பனையாளர். இருபது ஆண்டு கழிந்தபின் அந்தப் பெட்டி எந்த நிலையில் இருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. முற்பணத்துக்கு, மூத்த மருமகளின் பல்கலைக்கழகப் படிப்புக்கென ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை எடுக்க மைத்துனர் எண்ணியிருந்தார் என்பதை நாம் அங்கேதான் அறிந்தோம். மூத்தவள் ஒன்றும் பேசாமல் யன்னலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

நாம் கடனைப்பற்றி வாய் திறக்கவில்லை. பிறர் குடும்பக் கணக்கில் தலையிடல் அழகன்று. பாரத்தைப்பற்றி மட்டும் கேட்டோம். அவர்களது வான் இழுக்கக்கூடிய பாரம் 3,500 இறாத்தல். ட்ரெயிலர் 3,100 இறாத்தல் என்றும், ஆதலால் பொருத்தமே என்றும் விற்பனையாளர் கூறினார். அது வெறும் பெட்டியின் நிறை. 110 லீற்றர் தண்ணீர் ஏற்றினால் ஏறத்தாழ 242 இறாத்தல், இரண்டு எரிவாயுக் கலன்கள் 75, மின்கலம் 50, பாத்திரம் பண்டம், படுக்கை, அரிசி பருப்பு எல்லாம் குறைத்து மதித்தாலும் 300. கூட்டிப்பார்த்தால் 3,767 இறாத்தல். இன்னுமொன்று: ட்ரெயிலரின் நிறையில் 10 முதல் 15 வீதம் வரை கொளுக்கியின்மேல் அமர்தல் வேண்டும். அதனிற் குறைந்தால் நெடுஞ்சாலையிலே பெட்டி பாம்பின் வாலைப்போல ஆடும். சாரதியால் அடக்குதல் அரிது. கூடினாலோ வானின் பின்புறம் தாழ்ந்து முன் சில்லுகள் பிடிப்பை இழக்கும். அந்தப் பாரமும் வானில் இருக்கும் ஐவரின் நிறையோடு சேர்ந்தே கணக்கிடப்படும். எல்லை எவ்வளவென்று சாரதியின் கதவோரத்து நிலையிலே ஒட்டியிருக்கும் சீட்டு கூறும். மைத்துனர் அந்தச் சீட்டை அன்றுதான் முதன்முறையாக வாசித்தார்.

“அப்ப பெரிய வான் ஒண்டும் வாங்கவேணும் போல, மச்சான்” என்றார். தங்கை அவரைப் பார்த்த பார்வையை எழுத்தில் வடிக்க இயலாது.

பழையதைத் தேடும் படலம் இவ்வாறு தொடங்கிற்று. புதியது வாயிலைக் கடந்த கணமே விலை இறங்கும். முதலாண்டிலேயே ஐந்திலொரு பங்கு போய்விடும் என்பது அங்குள்ளோர் கணக்கு. ஆகவே பாவித்ததை வாங்குவதே புத்தி என்று நாமும் எண்ணினோம். 2021ஆம் ஆண்டிலே வட அமெரிக்காவில் இத்தகைய ட்ரெயிலர்களும் மோட்டார் வீடுகளுமாக 6 இலட்சம் வரையில் ஆக்கப்பட்டன. நோய்த்தொற்றுக் காலத்தில் மக்கள் போட்டியிட்டு வாங்கியவற்றுட் பல இப்போது மறுவிற்பனைக்கு வந்துள்ளன.

முதலிற் பார்த்தது எட்டு வயதுடையது. வெள்ளை வெளேரென்ற சுவர்கள், புதுத் திரைச்சீலைகள், விலையும் நயம். ஆயினும் உள்ளே சென்றதும் மாரிகாலத்தில் அலுமாரிக்குள் அடைபட்ட புத்தகக் கட்டின் மணம் வந்தது. மூத்த மருமகள் யன்னலின் கீழ்ச் சுவரை விரலால் அழுத்தி, “மாமா, இது மெத்தெண்டு இருக்கு” என்றாள். கனிந்த வெள்ளரிப்பழம்போல விரல் உள்ளே அமிழ்ந்தது. இப்பெட்டிகளின் எலும்புக்கூடு பெரும்பாலும் மெல்லிய மரச் சட்டம். கூரை, யன்னல், காற்றுத்துவாரம் எல்லாம் பசையினால் மூட்டப்பட்டவை. பனிக்காலத்திலே மூட்டுகளிற் புகுந்த நீர் உறைந்து விரிந்து பசையைப் பிளக்கும். பிளவு வழியே பின்னும் நீர் இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே மரம் உக்கிப்போகும். சில்லு, அடுப்பு, குழாய் ஆகியவற்றின் பழுதைத் திருத்தலாம். உக்கிய பெட்டியைத் திருத்துவதற்குப் புதியதே வாங்கலாம். புதுத் திரைச்சீலையின் காரணம் அப்போது விளங்கிற்று.

இரண்டாவதைப் பீற்றர்பரோ நகருக்கு அப்பால் ஒரு முதிய தம்பதியர் வைத்திருந்தனர். முட்டை வடிவான 13 அடிப் பெட்டி. போலர் என்று பெயர். வின்னிபெக் நகரத்து ரே ஒலெக்கோ என்பவர் 1968இல் ஆக்கத் தொடங்கியது இது. அதற்குமுன் அவர் கண்ணாடி நாரினால் மலக்குழித் தொட்டி செய்தவர் என்று அறிந்து பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தனர். அந்தத் தொட்டியின் சூட்சுமமே இதன் சிறப்பு: மேலும் கீழுமாக இரண்டு கண்ணாடி நார் ஓடுகளைப் படகுபோல வார்த்துப் பொருத்தியிருப்பதால் மூட்டுகள் மிகக் குறைவு, உக்குதற்குச் சுவரில் மரச் சட்டமும் இல்லை. நாம் பார்த்தது 1975இல் ஆக்கியது, மைத்துனரிலும் மூத்தது. கேட்ட விலை 8,500 டொலர்.

நாங்கள் புறப்பட்ட காலை மழை பெய்தது. மைத்துனர் பிற்போட விரும்பினார். பரீட்சகர் தாமே வந்திருக்கையில் பரீட்சையைப் பிற்போடுவானேன் என்றோம். அன்னையாரைத் தனியே விட மனமின்றி அவரையும் அழைத்துச் சென்றோம்.

முதியவர் 30 ஆண்டுக்கால வேலைகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். சில்லுக்குக் கிறீஸ் இட்ட நாள்கூட அதில் இருந்தது. ஒரு குறையை நாம் கண்டோம். ரயரின் ஓரத்திலுள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டும் வாரத்தையும் பின்னிரண்டும் ஆண்டையும் காட்டும். அதில் 2314 என்றிருந்தது. பூ அழியாதிருந்தும் றப்பர் ஒன்பது ஆண்டுப் பழசு. முதியவர் மறுப்பின்றி 400 டொலர் குறைத்தார். குளியலறை இல்லை என்பதில் இளையவளுக்கு மனக்குறை. நால்வர்க்கே படுக்கையிடம், ஐந்தாமவளாகத் தான் கூடாரத்திற் படுப்பதாக மூத்தவள் முந்திக்கொண்டு கூறினாள். அவள் முகத்திலே பல நாட்களின் பின் தெளிவு கண்டோம்.

நாங்கள் வெளியே குடையின் கீழ் நின்று விலை பேசிக்கொண்டிருக்கையில் அன்னையாரைக் காணவில்லை. பெட்டியின் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தோம். அவர் சப்பாத்தை வாசலிற் கழற்றிவிட்டு உள்ளே சென்று இருக்கையின் ஓரத்தில் அமர்ந்திருந்தார். கூரையில் மழை இரைந்து பெய்தது. அவர் உள்ளங்கையைச் சுவரில் வைத்து மெல்ல மெல்ல மேலே நகர்த்தி, வளைவினூடே கூரைவரை தடவினார். பின்னர் யன்னலின் நாற்புறமும் தடவினார். கையைத் திருப்பிப் பார்த்தார்.

தங்கை படியில் நின்று, “என்னம்மா?” என்றாள்.

“ஒழுகேல்லைப் பிள்ளை” என்றார் அன்னையார்.