டயரோடு வந்த பெயிண்ட்

வந்தவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வேளச்சேரிக்காரர். மேசைமேல் ஒரு பாலிதீன் கவரைக் கவிழ்த்தார். சாம்பல் நிறத்தில், அப்பளம் போல நொறுங்கும் பெயிண்ட் துண்டுகள் விழுந்தன. "காரை ரிவர்ஸ் எடுத்தேன் சார். டயர் நின்ன இடத்துல எல்லாம் தரை உரிஞ்சு டயரோடவே வந்துடுச்சு" என்றார்.

2020 நவம்பரில் நிவர் புயல் மழையின்போது அவர் வீட்டுக் கார் ஷெட்டுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழை விட்டதும் வேளச்சேரியில் பலரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். மேஸ்திரியைக் கூப்பிட்டு, மண் கொட்டி, தரையை முக்கால் அடி உயர்த்திக் கான்கிரீட் போட்டார். அதன்மேல் எபாக்சி பெயிண்ட் பூசினால் எண்ணெய்க் கறை பிடிக்காது, கண்ணாடி மாதிரி பளபளக்கும் என்று ஒரு கான்ட்ராக்டர் சொல்ல, ஒப்புக்கொண்டார். 320 சதுர அடி, சதுர அடிக்கு 150 ரூபாய், ஆக மொத்தம் 48,000. ஐந்து வருட வாரண்டி அட்டையும் கொடுத்திருந்தார்கள். மாசியில் கொப்புளம், சித்திரையில் உரிசல்.

நான் அனுப்பிய வக்கீல் நோட்டீஸுக்குக் கான்ட்ராக்டர் மூன்று காரணம் சொல்லிப் பதில் அனுப்பினார். வெயிலில் ஓடிச் சூடான டயரோடு வந்து இவர் காரை நிறுத்தினார். தினமும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். தரைக்கு அடியிலிருந்து ஏறும் ஈரத்துக்கு வாரண்டி கிடையாது என்று அட்டையிலேயே இருக்கிறது. முதல் இரண்டும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. தண்ணீரில் எளிதாகக் கழுவலாம் என்று கான்ட்ராக்டருடைய விளம்பரத் தாளே சொல்லியது. மூன்றாவதுதான் உறுத்தியது.

அந்த அட்டையே அநியாயமான ஒப்பந்தம் என்று சொல்லிவிடலாமே என்பது கட்சிக்காரரின் யோசனை. சட்டப் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற ஒப்பந்தம் என்ற புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். 48,000 ரூபாய்த் தரைக்கு அந்த வழி எதற்கு? அட்டை இருந்துவிட்டுப் போகட்டும், சேவைக் குறைபாடு என்ற ஒரே தடத்தில் போவோம் என்றேன். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. வக்கீல் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை. இதையும் அவர் புத்தகத்தில் படித்திருந்தார், நல்லவேளையாகப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கான்ட்ராக்டரோடு பெயிண்ட் கம்பெனியையும் இரண்டாம் எதிர்தரப்பாகச் சேர்த்தோம். கம்பெனியிடம் பணம் வாங்கலாம் என்ற எண்ணம் எனக்கு அப்போதும் இல்லை. சரக்கு நல்ல சரக்கு, பூசியவன்தான் சரியில்லை என்று அவர்கள் வந்து சொல்வார்கள். அதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

தரையைப் பார்வையிட அட்வகேட் கமிஷனரையும் ஒரு கட்டுமானப் பொறியாளரையும் ஆணையம் நியமித்தது. பொறியாளர் முதலில் உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத்தில் வெளிர் சாம்பலாகச் சிமெண்ட் தூள் ஒட்டியிருந்தது. கான்கிரீட் போடும்போது சிமெண்ட் பால் மேலே மிதந்து, ஒரு பலவீனமான படலமாக உறைந்துவிடும். எபாக்சி பூசுவதற்கு முன் அதை மெஷின் வைத்துத் தேய்த்து எடுத்திருக்க வேண்டும். எடுக்காவிட்டால் பெயிண்ட் அந்தத் தூளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், தரையை அல்ல. சூடான டயர் ஆறும்போது சுருங்கும். அந்த இழுப்பில் பிடிமானமில்லாத பூச்சு கையோடு வந்துவிடும். அப்படியானால் கான்ட்ராக்டர் சொன்ன டயர் கதை முழுப்பொய் இல்லை. ஆனால் செருப்பு ஸ்டாண்டை நகர்த்தியபோது அதன் அடியிலும் கொப்புளங்கள் இருந்தன. அங்கே எந்த டயர் போயிற்று?

பிறகு பெயிண்ட் இல்லாத ஒரு மூலையில், பக்கத்துக்கு 18 அங்குலம் உள்ள பாலிதீன் ஷீட்டை விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் ஷீட்டின் அடியில் துளித்துளியாக நீர். மேஸ்திரி மண்ணுக்கு மேல் பாலிதீன் விரிக்காமல் கான்கிரீட் போட்டதால், நிலத்து ஈரம் தடையில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

எதிர்தரப்பு வக்கீல் முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. அட்டையில் எழுதிய ஈரம் கமிஷனர் அறிக்கையிலேயே வந்துவிட்டதல்லவா! கட்சிக்காரர் வழியெல்லாம் பேசவே இல்லை. எனக்கோ வழக்கு அன்றைக்குத்தான் கைக்குள் வந்ததாகப் பட்டது. ஒரு ஷீட், ஒரு டேப், ஒரு ராத்திரி. பூசுவதற்கு முன்பு இதைச் செய்யக் கான்ட்ராக்டருக்கு என்ன தடை?

நுகர்வோர் ஆணையத்தில் கூண்டில் நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்வது அபூர்வம். கேள்விகளை எழுதிக் கொடுத்து, பிரமாண வாக்குமூலத்தில் பதில் வாங்குவதுதான் வழக்கம். ஈரச் சோதனை செய்தீர்களா என்று கேட்டிருந்தேன். "தரை பார்வைக்குக் காய்ந்திருந்தது" என்று பதில் வந்தது.

எதிர்பார்த்தபடியே பெயிண்ட் கம்பெனி தன் பதிலுரையோடு தொழில்நுட்பத் தாளைத் தாக்கல் செய்தது. கான்கிரீட்டுக்கு 28 நாள் ஆகியிருக்க வேண்டும், ஈரம் 4 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, மேற்பரப்பைத் தேய்த்தெடுக்க வேண்டும் என்று மூன்றும் அதில் இருந்தன. கட்சிக்காரர் கைபேசியில் கான்ட்ராக்டர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஒன்றும் இருந்தது: "பொங்கலுக்குள்ள முடிச்சிடலாம் சார். கான்கிரீட் போட்டு ரெண்டு வாரம் ஆச்சே, போதும்." அப்போதிருந்த சாட்சியச் சட்டம் 65பி பிரிவின்படி சான்றிதழோடு அதையும் சான்றாவணமாக்கினோம்.

வாடிக்கையாளர்தான் அவசரப்படுத்தினார் என்று கடைசியில் ஒரு வாதம் வைத்தார்கள். வாடிக்கையாளர் அவசரப்படத்தான் செய்வார். பொறுங்கள் என்று சொல்வதற்கும் சேர்த்துத்தான் தொழில் தெரிந்தவருக்குக் கூலி. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டு நஷ்டம் உண்டாக்குவதும் சட்டம் சொல்லும் குறைபாட்டுக்குள் அடங்கும். ஈரத்துக்கு நான் பொறுப்பல்ல என்று எழுதிக் கொடுப்பவர், ஈரம் இருக்கிறதா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். எங்கள் வாதம் இவ்வளவுதான், ஆணையம் அதை ஏற்றுக்கொண்டது.

48,000 ரூபாயை 9 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும், மன உளைச்சலுக்கு 15,000, வழக்குச் செலவு 5,000 என்று உத்தரவானது. கம்பெனி மீதான புகார் தள்ளுபடி. தரையை இடித்துப் போடும் செலவையும் கேட்டிருந்தோம். அது மேஸ்திரியின் வேலை, அவர் வழக்கில் தரப்பினரே இல்லை என்று மறுத்துவிட்டார்கள். அது சரியான மறுப்புதான்.

மேல்முறையீட்டுக்கு 45 நாள் அவகாசம் உண்டு, ஆனால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். கான்ட்ராக்டர் போகவில்லை, முழுப் பணத்தையும் கட்டிவிட்டார். கட்சிக்காரர் அந்தப் பணத்தில் பழைய கான்கிரீட்டைப் பெயர்த்து, பாலிதீன் விரித்துப் புதிதாகப் போட்டு, மேலே பார்க்கிங் டைல்ஸ் ஒட்டிக்கொண்டார்.